வாக்குத்தத்த வசனம்: அந்த ஒரு வரிக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன இருக்கு?

டிசம்பர் 31 ராத்திரி களியக்காவிளைல இருந்து நாகர்கோவில் வரைக்கும் எந்த ரோட்டுல போனாலும் ஏதாவது ஒரு கோயில்ல லைட் எரிஞ்சிட்டு இருக்கும், பாட்டு சத்தம் கேக்கும். 2011 கணக்கெடுப்புப்படி கன்னியாகுமரி மாவட்டத்துல கிட்டத்தட்ட 47 சதவீதம் பேர் கிறிஸ்தவங்க, சி.எஸ்.ஐ, கத்தோலிக்கம், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தேன்னு எல்லாரும் இங்க பக்கத்து பக்கத்து தெருவுல இருக்காங்க. எல்லைய தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் போனா அதே ராத்திரி மலையாளத்துல நடக்கும். நிறைய சபைகள்ல அன்னைக்கு எல்லாரும் எதிர்பார்க்கிற ஒரு நேரம் உண்டு, புது வருஷத்துக்கான பைபிள் வசனத்தை கார்டுல சீட்டு மாதிரி எடுத்து வாங்குற நேரம். சபைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு, சில இடத்துல ஆளுக்கு ஒண்ணு. மறுநாள் காலைல அது பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கும், ஆட்டோ கண்ணாடில இருக்கும், எல்லார் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் இருக்கும்.

இதைத்தான் வாக்குத்தத்த வசனம்னு சொல்றோம். வாக்குத்தத்தம்னா கடவுள் "நான் இதைச் செய்வேன்"னு குடுக்கிற வாக்கு, அவ்வளவுதான் அர்த்தம்.

ஆனா இதைப் பத்தி நம்ம மத்தியில ரெண்டு விதமான பேச்சு ஓடிட்டு இருக்கு, ரெண்டும் ஆட்களை காயப்படுத்துது. ஒரு கூட்டம், கார்டுல வந்த வரி அப்படியே இந்த வருஷம் எனக்கு நடக்கும், நடக்கலன்னா என் விசுவாசம் சரியில்லன்னு நினைக்குது. "தலையாக்குவார்"னு வசனம் வந்துச்சே, பின்ன ஏன் மகனுக்கு வேலை போச்சுன்னு ஒரு அக்கா கூட்டம் முடிஞ்சு அழுதுட்டே கேட்டாங்க, பக்கத்துல நின்னவங்க "இன்னும் விசுவாசிக்கணும்"னு சொல்லிட்டு போயிட்டாங்க. இன்னொரு கூட்டம், இதெல்லாம் பழைய ஏற்பாட்டு யூதருக்கு சொன்னது, உனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, கார்டைத் தூக்கிப் போடுன்னு சொல்லுது. ரெண்டு பேருமே வசனத்தை முழுசா படிக்கலங்கிறது என் கருத்து. முழுசா படிச்சா அந்த வசனம் சின்னதாகாது, நாம நினைச்சதை விட பெருசாகும், அதைக் காட்டத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

ஒரு கல்ஃப் லெட்டர்ல இருந்து தொடங்குவோம்

கையில போன் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல இருந்து துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ போனவங்க வீட்டுக்கு லெட்டர்தான் போடுவாங்க. ஒருத்தர் மனைவிக்கு நாலு பக்கம் எழுதுறாருன்னு வைங்க, அதுல மூணாவது பக்கத்துல ஒரு வரி, "மேற்கு விளைல நிக்கிற ரப்பரை மொத்தமா வெட்டி வித்துரு". இந்த ஒரு வரிய மட்டும் கிழிச்சு எடுத்து பக்கத்து விளைக்காரர் கையில குடுத்தா என்ன ஆகும்? அவரு ஏழு வருஷம் வளர்த்து இப்பதான் பால்வெட்டு தொடங்கியிருக்காரு, அவரு அந்த வரிய நம்பி மரத்தை வெட்டினா குடும்பமே கஷ்டத்துல விழும். எழுதினவர் பொய் சொல்லல, வரியிலயும் தப்பு இல்ல. முதல் பக்கத்துல "நம்ம மரத்துக்கு முப்பது வயசாச்சு, பால் வத்திட்டு, புதுத் தை நடணும்"னு தெளிவா இருந்துச்சு, அது இவர் கையில வரல.

அதே லெட்டரை ரொம்ப வருஷம் கழிச்சு அவரோட மக பெட்டில இருந்து எடுத்து படிக்கிறா. அது அவளுக்கு எழுதினது இல்ல, அந்த ரப்பர் மரமும் இப்ப இல்ல. ஆனா நாலு பக்கத்தையும் படிக்கும்போது எங்க அப்பா தூரத்துல இருந்தும் வீட்டை எப்படி நினைச்சாரு, எவ்வளவு தூரம் யோசிச்சாருன்னு அவளுக்கு தெரியுது, இன்னைக்கும் அவரு அவளுக்கு அப்பாதான். அந்த லெட்டர் அவளுக்கும் சொந்தம், ஆனா அவ அதை மரம் வெட்ட பயன்படுத்த மாட்டா.

பைபிளும் இப்படித்தான் நம்ம கைக்கு வந்திருக்கு. இயேசுவோட அப்போஸ்தலர் பவுல் ரோமர் 15:4-ல முன்னாடி எழுதினதெல்லாம் "நமக்குப் போதனையாக எழுதியிருக்கிறது"ன்னு சொல்றாரு, பொறுமையும் ஆறுதலும் நம்பிக்கையும் வர்றதுக்காக. பெரும்பாலான பகுதிகள் வேற யாருக்கோ எழுதினது, ஆனா நமக்காகவும் வச்சிருக்கிறது. ஒரு வசனத்தை யார் சொன்னாங்க, யாருக்கு, எந்த நிலைமைல, அதுக்கு முன்னாடி பின்னாடி என்ன பேச்சு, இதெல்லாம் சேர்ந்ததுதான் அதோட சந்தர்ப்பம். இனிமே சந்தர்ப்பம்னு நான் சொன்னா இதைத்தான் சொல்றேன்.

வசன நம்பர் எப்ப வந்துச்சு?

ஒரு வரிய தனியா பிச்சு எடுக்கிறது நமக்கு ஏன் இவ்வளவு லேசா வருதுன்னா, பைபிள் நம்பர் போட்டு வரி வரியா அச்சாகி நம்ம கைக்கு வருது. தீர்க்கதரிசி எரேமியாவோ பவுலோ நம்பர் போட்டு எழுதல. இப்ப நாம பயன்படுத்துற அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டு தொடக்கத்துல வந்தது, ஸ்டீபன் லாங்டன்ங்கிற இங்கிலாந்து அறிஞர் பேரைத்தான் அதுக்கு சொல்வாங்க. புதிய ஏற்பாட்டுக்கு இப்ப இருக்கிற வசன நம்பரைப் போட்டது ராபர்ட் எஸ்தியேன்ங்கிற அச்சுக்காரர், 1551-ல. தரங்கம்பாடில சீகன்பால்க்ங்கிற ஜெர்மன் மிஷனரி தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சது 1715. அதாவது தமிழ்ல அச்சான வேதம் நம்ம கைக்கு வரும்போதே நம்பர் வழக்கத்துக்கு வந்தாச்சு.

நம்பர் தேடி எடுக்க உதவும், அதுல தப்பே இல்ல. ஆனா அது சில நேரம் பேச்சை நடுவுல வெட்டிடும். பெரிய வெள்ளிக்கிழமை நாம வாசிக்கிற ஏசாயா 53 இருக்குல்ல, பாடுபடுற தாசனைப் பத்தின பாட்டு, அது உண்மையில 52:13-லயே தொடங்கியாச்சு. அதிகார கோடு நடுவுல விழுந்ததால நிறைய பேர் அந்த முதல் மூணு வசனத்தைப் படிக்கிறதே இல்ல.

சீட்டு எடுத்து வசனம் வாங்குற பழக்கமும் நேத்து வந்தது இல்ல. ஜெர்மனில ஹெர்ன்ஹூட்ங்கிற ஊர்ல மொராவிய சபைக்காரங்க 1728-ல தினமும் ஒரு வசனத்தை வீடு வீடா சொல்ற வழக்கத்தைத் தொடங்கி, 1731 வருஷத்துக்கு அதைப் புத்தகமாவே போட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் பழைய ஏற்பாட்டு வசனத்தை சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறாங்க. காலைல ஒரு வசனத்தோட எழும்புறதுக்கு அது நல்ல பழக்கம். கார்டை நான் வேண்டாம்னு சொல்லல, கார்டு கதவு, உள்ள போறது நம்ம வேலை.

எரேமியா 29:11, எல்லாரும் விரும்புற வசனம்

"நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." கல்யாண பத்திரிகைல, புதுவீடு பிரதிஷ்டைல, பிளஸ் டூ பரீட்சைக்கு போற பிள்ளை நோட்டுல, எங்கயும் இருக்கும்.

இதுவும் ஒரு லெட்டர்தான், எரேமியா எருசலேம்ல இருந்து பாபிலோனுக்கு அனுப்பின லெட்டர். கி.மு. 597-ல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடிச்சு, ராஜா யோயாக்கீனையும் பெரிய ஆட்களையும் தச்சரையும் கொல்லரையும் பிடிச்சுட்டுப் போயிட்டான். இப்படி சொந்த மண்ணுல இருந்து பிடுங்கி அந்நிய தேசத்துல வச்ச காலத்தைத்தான் சிறையிருப்புன்னு சொல்றோம். அங்க இருந்த ஜனங்களுக்கு இருந்த ஒரே கேள்வி, நாங்க எப்ப ஊருக்குப் போவோம்?

அதுக்கு ஒரு பதில் ஏற்கனவே ஊருல ஓடிட்டு இருந்துச்சு. முந்தின அதிகாரம், 28-ஐ படிங்க. அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ஆலயத்துல எல்லார் முன்னாடியும் நின்னு, ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பி வருவாங்க, கர்த்தர் சொல்றாருன்னு சொன்னான். பாபிலோனுக்கு அடங்கித்தான் இருக்கணும்னு காட்ட எரேமியா கழுத்துல போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைச்சே காட்டினான். எரேமியா முதல்ல என்ன சொன்னாரு தெரியுமா, "ஆமென், அப்படியே ஆகட்டும்"னுதான் சொன்னாரு, அவருக்கும் அது நடக்கணும்னு ஆசை இருந்துச்சு. ஆனா கர்த்தர் அனனியாவை அனுப்பல, நீ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பப் பண்ணினன்னு எரேமியா மூலமா சொன்னாரு, அதே வருஷம் ஏழாம் மாசம் அனனியா செத்துப்போனான்.

புத்தகத்துல இதுக்கு அடுத்துதான் 29-வது அதிகாரத்து லெட்டர் வருது. அதுல முதல்ல வர்றது வாக்குத்தத்தம் இல்ல, வேலை. வீடு கட்டி குடியிருங்க, தோட்டம் போட்டு அதோட பழத்தைச் சாப்பிடுங்க, கல்யாணம் பண்ணுங்க, பிள்ளைங்களுக்கும் பண்ணி வைங்க. 7-ம் வசனத்துல அதை விட கஷ்டமான ஒண்ணு வருது, உங்களைப் பிடிச்சுட்டுப் போன அந்தப் பட்டணத்தோட சமாதானத்தைத் தேடுங்க, அதுக்காக ஜெபம் பண்ணுங்க, அது நல்லா இருந்தாத்தான் உங்களுக்கும் சமாதானம் இருக்கும்னு. எதிரி ஊருக்காக ஜெபம். 8, 9-ல, உங்களுக்குள்ள இருக்கிற தீர்க்கதரிசிகளும் குறி சொல்றவங்களும் உங்களை ஏமாத்த விடாதீங்கன்னு எச்சரிக்கை. 10-ல 70 வருஷம். இவ்வளவும் வந்த பிறகுதான் 11.

70 வருஷம்னா யோசிச்சுப் பாருங்க. லெட்டர் வாசிக்கும்போது நாப்பது வயசுல இருந்த ஒரு தச்சன் ஊரைப் பாக்கப் போறது இல்ல. அவன் மகனே பாப்பானா தெரியாது, பேரன் போவான். அப்ப "எதிர்பார்த்திருக்கும் முடிவு" அந்தத் தச்சனுக்கு என்ன அர்த்தம்? உன் கண்ணு பாக்காத ஒண்ணை நான் மறக்கல, நீ சாகப்போற ஊருலயும் என் நினைவு உன்மேலதான் இருக்குன்னு அர்த்தம். கடைசில அது நடந்துச்சு, கி.மு. 539-ல பாபிலோன் விழுந்துச்சு, பெர்சிய ராஜா கோரேசு ஜனங்களைத் திரும்பிப் போகச் சொன்னாரு, எஸ்றா புத்தகத்தோட முதல் வசனமே எரேமியா சொன்ன வார்த்தை நிறைவேறினதைத்தான் சொல்லுது.

அந்த லெட்டர் எல்லாருக்கும் பிடிக்கவும் இல்ல. அதே அதிகாரம் கடைசில செமாயான்னு ஒருத்தன் பாபிலோன்ல இருந்து எருசலேம் ஆசாரியனுக்கு புகார் எழுதுறான், இந்த எரேமியா "ரொம்ப காலம் ஆகும், வீடு கட்டுங்க"ன்னு எழுதியிருக்கான், இவனை ஏன் இன்னும் கண்டிக்கல நீன்னு. நாம பிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கிற வசனம் இருக்கிற லெட்டர் அவங்களுக்கு கோபம் வர வச்ச லெட்டர்.

நம்ம பக்கத்துல வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்காங்க. பேப்பர் சரியாகல, ரெண்டு வருஷத்துல வந்துருவேன்னு போனவங்க பத்து வருஷம் ஆகியும் வரல, பிள்ளை வளர்றதை வீடியோ கால்லதான் பாக்கிறாங்க. அவங்களுக்கு 29:11-ஐ மட்டும் அனுப்பினா "சீக்கிரம் எல்லாம் சரியாகும்"னுதான் கேக்கும், அது அனனியா சொன்னது. முழு லெட்டரையும் அனுப்பினா, இருக்கிற இடத்துல வேர் விட்டு வாழு, அந்த ஊரு நல்லா இருக்க ஜெபம் பண்ணு, காலம் நீண்டாலும் நான் உன்னை விடலன்னு கேக்கும். ரெண்டாவதுதான் அந்த அறையில தனியா இருக்கிறவனைத் தாங்கும்னு நான் முழுசா நம்புறேன்.

இதுவரைக்கும் பாத்தது

வசன நம்பர் பின்னாடி வந்தது, பேச்சு முன்னாடியே முழுசா இருந்துச்சு. வாக்குத்தத்தத்துக்கு ஒரு சந்தர்ப்பம் இருக்கு, அதோட படிச்சா அந்த வசனம் சுலபமான ஆறுதலை விட்டுட்டு உறுதியான ஆறுதலைக் குடுக்குது. அடுத்து, சந்தர்ப்பம் பாக்கலன்னா யார் பேச்சைக் கடவுள் பேச்சுன்னு எடுத்துக்கிறோம்னு பாப்போம்.

"உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும்", இதைச் சொன்னது யாரு?

கடை திறப்பு விழாவுல அதிகமா பாக்கிற வசனம் யோபு 8:7, "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்". இதைச் சொன்னது கடவுள் இல்ல, யோபுவும் இல்ல. யோபுவோட சிநேகிதன் பில்தாத்.

அவன் எப்ப சொன்னான்? யோபு பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாள்ல பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணோட சாம்பல்ல உக்காந்திருக்கும்போது. 4-ம் வசனத்துல, உன் பிள்ளைங்க பாவம் செஞ்சாங்க, அதான் போனாங்கங்கிற மாதிரி பேசுறான். அடுத்து, நீ சுத்தமானவனா இருந்தா இப்ப அவர் உனக்காக விழிச்சு எழும்புவாரு, ஆரம்பம் சின்னதா இருந்தாலும் முடிவு பெருசா இருக்கும்னு சொல்றான். நல்லவனா இருந்தா நல்லது நடக்கும், கெட்டது நடந்திருக்குன்னா நீ ஏதோ செஞ்சிருக்க, இதுதான் அவனோட கணக்கு. புத்தகத்தோட கடைசில, 42:7-ல, இந்தக் கணக்கைப் பாத்து கர்த்தர் கோபப்படுறாரு, என் தாசன் யோபு பேசினது மாதிரி நீங்க மூணு சிநேகிதரும் என்னைப் பத்தி சரியா பேசலன்னு, அவங்கள்ல ஒருத்தனான எலிப்பாஸ்கிட்ட சொல்றாரு.

யோபுவோட முடிவு நல்லபடி ஆச்சுங்கிறது உண்மை, 42:12 அதைச் சொல்லுது, வேணும்னா அந்த வசனத்தைக் கடையில மாட்டுங்க. ஆனா அது பில்தாத் சொன்ன கணக்குப்படி வரல.

யோபு புத்தகத்துக்கும் நம்ம மண்ணுக்கும் ஒரு தொடர்பு இருக்கு, அதை இங்க சொல்லியே ஆகணும். நட்டாலத்துல 1712-ல பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா அரண்மனை அதிகாரி. அவருக்கு மாடு சாகுறது, விளைச்சல் போறதுன்னு தொடர்ந்து நஷ்டம் வந்து மனசு உடைஞ்சு இருந்தப்ப, 1741 குளச்சல் போர்ல பிடிபட்டு பிறகு திருவிதாங்கூர் படைக்கே தலைவரான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு யோபு கதைய சொன்னதா இங்க வழிவழியா சொல்றாங்க. 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் எடுத்து தேவசகாயம் ஆனாரு. அதுக்கப்புறம் அவருக்கு வேலை உயரல, சொத்து பெருகல, அடியும் அவமானமும் சிறையும்தான், 1752 ஜனவரி 14 காத்தாடிமலைல சுட்டுக் கொன்னாங்க. 2022 மே 15 அவரை புனிதரா அறிவிச்சாங்க. டிலனாய் அவருக்கு 8:7-ஐ மட்டும் எழுதிக் குடுத்திருந்தா காத்தாடிமலை வரைக்கும் அது கூட வந்திருக்குமான்னு நான் பல தடவை யோசிச்சிருக்கேன். முழு யோபுதான் வந்துச்சு, எல்லாம் போனாலும் கடவுளை விடாத யோபு.

பவுலோட "எல்லாவற்றையும்"

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு", பிலிப்பியர் 4:13. பரீட்சை ஹால் டிக்கெட் பின்னாடி, ஜிம்முல, கிரிக்கெட் டீம் பனியன்ல இருக்கிற வசனம்.

பவுல் இதை எழுதும்போது விலங்கு போட்டு சிறையில இருக்காரு. முந்தின வசனத்துல, "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டு, சாப்பாடு இருந்தாலும் பட்டினியா இருந்தாலும் இருக்கக் கத்துக்கிட்டேன்னு சொல்றாரு. அந்த "எல்லாவற்றையும்" இதைத்தான் சொல்லுது, எந்த நிலைமைலயும் தாக்குப்பிடிச்சு நிக்கிற பெலன். முதல் மார்க் வாங்குன பிள்ளைக்கு இந்த வசனம் பொருந்துற மாதிரியே ஃபெயில் ஆன பிள்ளைக்கும் பொருந்தும், அது எவ்வளவு பெரிய செய்தி பாருங்க.

அடுத்த வசனத்தை ரொம்ப பேர் படிக்கிறது இல்ல. 14-ல, ஆனாலும் என் கஷ்டத்துல நீங்க பங்கெடுத்தது நல்ல காரியம்னு சொல்றாரு. பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துங்கிறவர் கையில அவருக்கு உதவி அனுப்பியிருந்துச்சு, அதுக்கு நன்றி சொல்ற இடம்தான் இது. எல்லாத்துக்கும் எனக்குப் பெலன் உண்டுன்னு சொன்ன அதே வாய், நீங்க உதவினது நல்லதுன்னும் சொல்லுது. கிறிஸ்து பெலன் குடுப்பாருங்கிறதுக்காக மருந்து, டாக்டர், பக்கத்து வீட்டுக்காரங்க உதவி இதெல்லாம் வேண்டாம்னு சொல்ற விசுவாசம் பவுல்கிட்ட இல்ல.

"வாலாக்காமல் தலையாக்குவார்"

உபாகமம் 28:13. இங்க ஒரு வார்த்தைய தெரிஞ்சுக்கணும், உடன்படிக்கை. ரெண்டு பக்கமும் பொறுப்பு எடுத்துக்கிட்டு செய்ற உறவு ஒப்பந்தம், அதான் உடன்படிக்கை. மோசே இஸ்ரவேல் ஜனத்தை மோவாப் தேசத்துல நிப்பாட்டி, கானானுக்குள்ள போறதுக்கு முன்னாடி இந்த ஒப்பந்தத்தைத்தான் விளக்குறாரு. 28-ம் அதிகாரம் தொடங்குறதே "நீ கர்த்தருடைய சத்தத்துக்குச் செவிகொடுத்தா"ங்கிற மாதிரி ஒரு நிபந்தனையோட. 1-ல இருந்து 14 வரைக்கும் ஆசீர்வாதம். 15-ல இருந்து 68 வரைக்கும், செவிகொடுக்கலன்னா வர்ற சாபம். 44-ம் வசனத்துல அதே வார்த்தை தலைகீழா வருது, அந்நியன் தலையா இருப்பான், நீ வாலா இருப்பன்னு. ஜனவரி கார்டுல 44 யாருக்கும் வர்றது இல்ல.

இது ஒரு தேசத்துக்கு, ஒரு நாட்டுல குடியேறப் போறப்ப சொன்ன உடன்படிக்கை வார்த்தை. உங்க ஆபீஸ் புரமோஷன் பட்டியல் இதுல இல்ல. அழுதுட்டு நின்ன அந்த அக்காவுக்கு யாராவது இதை மெதுவா உக்காத்தி சொல்லியிருந்தா, மகன் வேலை போனதை தன் விசுவாசத்தோட தோல்வின்னு அவங்க சுமந்திருக்க மாட்டாங்க.

சந்தர்ப்பம் இல்லாம வசனம் எடுக்கிறது எவ்வளவு ஆபத்துன்னு பைபிளே காட்டுது. மத்தேயு 4-ல பிசாசு இயேசுவை ஆலயத்து உச்சில நிப்பாட்டி சங்கீதம் 91-ல இருந்து வசனம் சொல்றான், தாழ குதி, தூதர்கள் தாங்குவாங்கன்னு எழுதியிருக்கேன்னு. சொன்ன வசனம் நிஜமான வசனம்தான். இயேசு அந்த சங்கீதத்தை மறுக்கல, கர்த்தரைப் பரீட்சை பாக்காதங்கிற இன்னொரு வசனத்தை பக்கத்துல வச்சாரு. அந்த 91-ம் சங்கீதத்துலயே கொஞ்சம் கீழ போனா, 15-ல, "ஆபத்தில் நானே அவனோடிருந்து"ன்னு இருக்கு. ஆபத்து வரும், அதுல நான் கூட இருப்பேன்.

அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா?

இந்த இடத்துல நல்லா படிக்கிற யாராவது, 2 கொரிந்தியர் 1:20 இருக்கே, தேவனுடைய வாக்குத்தத்தமெல்லாம் இயேசு கிறிஸ்துவுக்குள்ள "ஆம்"னு இருக்கேன்னு கேப்பாங்க. கேக்க வேண்டிய கேள்வி. இந்த வசனத்தோட சந்தர்ப்பத்தையும் பாத்துருவோம். பவுல் கொரிந்துக்கு வர்றேன்னு சொல்லிட்டு திட்டத்தை மாத்திட்டாரு, இவரு பேச்சு ஆமா-இல்லன்னு மாறுதுன்னு அங்க பேச்சு. அதுக்கு பதில் சொல்லும்போதுதான், என் பயணத் திட்டம் மாறலாம், நான் உங்களுக்குப் பிரசங்கிச்ச கிறிஸ்து மாறமாட்டாரு, கடவுளோட எல்லா வாக்குக்கும் அவர்தான் "ஆம்"னு சொல்றாரு.

"இயேசு கிறிஸ்துவுக்குள்"ங்கிற அந்த வழி முக்கியம். உபாகமம் 28-ஐயே எடுங்க. அந்த உடன்படிக்கைய முழுசா காத்தவங்க யாருமே இல்ல, இஸ்ரவேல் காக்கல, நாமளும் காக்க மாட்டோம். இயேசு காத்தாரு. காத்தவருக்கு தலைங்கிற இடம் கிடைச்சிருக்கணும், ஆனா அவரு வாலோட இடத்துக்கு, சிலுவைக்குப் போனாரு. பவுல் கலாத்தியர் 3:13-ல, அவர் நமக்காக சாபமாகி நம்மை சாபத்துல இருந்து மீட்டாருன்னு எழுதுறாரு, 15 முதல் 68 வரைக்கும் அவர்மேல போச்சு. அவரோட சேர்ந்திருக்கிறவங்களுக்கு, யூதரோ இல்லையோ, மன்னிப்பு, பரிசுத்த ஆவி, உயிர்த்தெழுதல், கடவுளோட கூட இருப்பு எல்லாம் வருது. பழைய வாக்கு நமக்கு வர்ற வழி இது, கார்டுல இருந்து நேரா நம்ம பேங்க் அக்கவுண்டுக்கு வர்ற வழி கிடையாது.

இதோட, சீஷருக்கும் அவங்களுக்குப் பின்னாடி வர்றவங்களுக்கும் நேராவே சொன்ன வாக்கும் இருக்கு. மத்தேயு 28:20, உலகத்தோட முடிவு வரைக்கும் எல்லா நாளும் நான் உங்களோட இருக்கேன். யோவான் 16:33, "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்". இதோட முதல் பாதியும் வாக்குதான்.

சுருக்கமா: வசனம் முதல்ல அவங்களுக்கு, கிறிஸ்து வழியா நமக்கு, அதைச் சொன்ன கடவுள் ரெண்டு பேருக்கும் ஒரே ஆளு.

கார்டு கையில இருக்கு, இப்ப என்ன பண்ண?

எரேமியாவோட 70 வருஷ வாக்கை எடுத்துப் படிச்ச ஒருத்தர் பைபிள்லயே இருக்காரு, தானியேல். 9-ம் அதிகாரத்துல, எரேமியா எழுதினதைப் படிச்சு காலம் கிட்ட வந்துட்டுன்னு புரிஞ்சுக்கிறாரு. புரிஞ்ச உடனே, வந்துரும்னு சும்மா இருக்கல, இரட்டுங்கிற சாக்குத் துணிய உடுத்தி, சாம்பல்ல உக்காந்து, உபவாசத்தோட, "நாங்க பாவம் செஞ்சோம்"னு தன் ஜனத்துக்காக ஜெபிக்கிறாரு. முழுசா படிச்சாரு, அது அவரை முழங்கால்ல நிப்பாட்டுச்சு. எரேமியா 29:12-ம் இதையேதான் சொல்லுது, நீங்க கூப்பிட்டு, வந்து, என்னை நோக்கி விண்ணப்பம் பண்ணுவீங்க, நான் கேப்பேன்னு.

நீங்க இந்த வருஷம் வாங்கின வசனத்தை எடுத்து, அந்த அதிகாரத்தை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே இருப்புல வாசிங்க. எரேமியா 29-ல மொத்தம் 32 வசனம்தான். பிலிப்பியர் புத்தகமே நாலு அதிகாரம்தான், குடும்ப ஜெபத்துல ஒரு வாரத்துக்குள்ள முடிச்சிரலாம். வாசிக்கும்போது பேசுறது யாருன்னு முதல்ல பாருங்க, யோபுல மட்டும் இல்ல சங்கீதத்துலயும் பிரசங்கியிலயும் இது ரொம்ப முக்கியம். "ஆகையால்", "ஆனாலும்"னு தொடங்குற வசனம்னா கண்டிப்பா மேல போய்ப் பாருங்க. புரியலன்னா உங்க போதகர்கிட்டயோ ஃபாதர்கிட்டயோ கேளுங்க, இந்தக் கேள்வி கேட்டா சந்தோஷப்படுற ஆளுங்க நிறைய இருக்காங்க.

கார்டு அடிக்கிற சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். முன்பக்கம் பூ படமும் வசனமும் இருக்கு, பின்பக்கம் பெரும்பாலும் காலியாதான் கெடக்குது. அங்க ரெண்டு வரி அடிச்சா கூடுதல் செலவு பெருசா வராது. எரேமியா 29:11-க்குப் பின்னாடி, "பாபிலோன்ல சிறையிருப்புல இருந்தவங்களுக்கு எரேமியா எழுதின லெட்டர், 1 முதல் 14 வரை வாசிக்கவும்". பிலிப்பியர் 4:13-க்குப் பின்னாடி, "சிறையில இருந்து பவுல், 10 முதல் 20 வரை". ஓய்வுநாள் பள்ளில மனப்பாட வசனம் சொல்லிக் குடுக்கிற அக்காமாரும் இதையே பிள்ளைங்களுக்குச் செய்யலாம், வசனத்தோட நம்பரை ஒப்புவிக்கிற பிள்ளை அதை யாரு எங்க இருந்து சொன்னாங்கன்னும் சேர்த்து ஒப்புவிக்கட்டும்.